சைகோன் கேட்காத முக்கால் மணி நேரம்

மகனே,

நீ பம்பாயில் கப்பல் ஏறி இன்றோடு நான்கு நாள். உன் கப்பல் தண்ணீரில் ஊர்ந்து போகிறது. இந்தக் கடிதம் விமானத் தபாலில் ஆகாய மார்க்கமாகப் போகும். நீ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளிர் தேசத்து விடுதி வாசலில் போய் நிற்கும்போது, உனக்கு முன்னாலேயே இது அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகத் தபாலாபீசுக்கு நானே நடந்து போய், தபால்தலையை நானே ஒட்டி, கடிதம் பைக்குள் விழுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வரப் போகிறேன். வேறு எந்தக் கடிதத்துக்கும் நான் இந்த ராஜமரியாதை செய்ததில்லை. ஏனென்றால் அங்கே போன மூன்றாவது வாரம் நீ பெரிய படிப்புப் படித்தவர்கள் முன்னால் எழுந்து நின்று ஒரு கட்டுரை வாசிக்கப் போகிறாய். அதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும். படிக்காமல் வாசித்தாயானால், உன் அப்பன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரு பொய்யை நீ பிரெஞ்சில் எழுதி, படம் போட்டு, சமன்பாடு சேர்த்து, சபையில் அரங்கேற்றுகிறாய் என்று அர்த்தம்.

பொய் என்று எழுதிவிட்டேன். இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்காக மூன்று நாள் பேனாவைக் கடித்ததில் பாதிப் பேனா என் வயிற்றில் இருக்கிறது. மீதிப் பேனாவில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இது இரண்டு படிகளாகப் போகிறது. ஒன்று உனக்கு. மற்றொன்று நம் ஊர் மாசப் பத்திரிகைக்கு. அப்பன் மகனுக்கு எழுதுவதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று நீ கூசுவாய். எனக்கும் கூசத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் காரியத்தை நான் நடுக்கடையில், நாலு பேர் கேட்க, கையை ஆட்டி ஆட்டிச் செய்தேன். மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் அது பாதி மன்னிப்புதான்.

உனக்கு என்னைத் தெரியும். பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷம் மில்லில் மோட்டார்களுக்கு ஒயர் கட்டினேன். பிறகு முதலியார்பேட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டேன். ஆறடிக்கு எட்டடி. பலகையில் 'அகிலாண்ட ரேடியோ வைத்தியசாலை' என்று எழுதினேன். அகிலாண்டமும் உள்ளே வந்தால் உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. நீ பிறந்த அன்று நீ அழுத சத்தத்தில் கடற்கரைக் கலங்கரை விளக்கம் சுற்றுவதை நிறுத்திவிட்டு நம் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது என்று தெருவில் சொன்னவன் நான். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறின வருஷம் ஊரே கடை வாசலில் நின்று சேதி கேட்டபோது, டில்லியில் சொல்வதற்கு அரை நிமிஷம் முன்னாலேயே அது என் செட்டில் வந்துவிட்டது என்று சத்தியம் செய்தவனும் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். சின்னப் பிள்ளை முதல் பல் போனவர் வரைக்கும் என்னை ரேடியோ மாமா என்று கூப்பிட்டார்கள். அளந்து விடுகிறவனை ஊருக்குப் பிடிக்கும். அவன் பேச்சில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். கழிக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டவன் இந்தப் பூமியில் நீ ஒருத்தன்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கடையில் நம் சொந்த செட் ஒன்று இருந்ததே, ஏழு வால்வு, நெற்றியில் பச்சைக் கண். நிலையம் சரியாகப் பிடிபட்டால் அந்தக் கண் சுருங்கும். நழுவினால் அகலமாக விழிக்கும். மூன்று செத்துப்போன செட்டுகளின் உறுப்புகளைக் கூட்டி நானே உயிர் கொடுத்தது. "சைகோன்ல ஒரு ஈ பறந்தா இதுல றெக்கை சத்தம் கேக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை தையல்காரருக்கு அது ரொம்பப் பிடிக்கும். மனுஷர் பத்து வருஷம் சைகோனில் பட்டாளத்துக்கு உடுப்புத் தைத்துவிட்டு வந்தவர். தினம் காலை பதினோரு மணிக்கு அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்காருவார். சைகோனிலிருந்து ஒரு மணி நேரம் பிரெஞ்சுப் பாட்டு வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பாட்டு முடிந்ததும் "மெர்சி மாமா" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போவார்.

நான் பொய் சொன்ன அந்த வருஷம் சூரியன் முகம் பூராவும் கரும்புள்ளியாக இருக்கிறது என்றும், பல தேசத்துக்காரர்கள் ஒரே நேரத்தில் ரேடியோவைக் கேட்டுக் குறித்து வைக்கிறார்கள் என்றும் உன் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், நீங்களெல்லாம் முசியே என்கிறவர், வகுப்பில் சொன்னார். உனக்குப் பரீட்சை முடிந்து விடுமுறை. ஒரு நோட்டைக் கொடுத்து, தூரத்து நிலையம் ஒன்றைத் தினம் பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் கேட்டு, கால் மணிக்கு ஒரு தடவை ஐந்துக்கு எத்தனை மார்க் என்று போடச் சொன்னார். நல்ல நோட்டு வைத்திருக்கிறவனைத் தெற்கே மலைமேல் இருந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு இரண்டு வருஷ உதவியாளாக அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார். நீ கடைக்கு வந்து உட்கார்ந்தாய். தையல்காரருக்குப் பாட்டு, உனக்கு மார்க். இரண்டு, மூன்று, இரண்டரை என்று பென்சிலால் கட்டம் கட்டமாகப் போட்டாய். "என்னடா பிசுநாறித்தனமா போடுற, நம்ம செட்டுக்கு அஞ்சு போடுறா" என்பேன். "அஞ்சுன்னா பக்கத்து வீட்ல பேசுற மாதிரி கேக்கணும்பா. ஒரு நாளும் அப்படிக் கேக்கல" என்பாய். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பற்றிக்கொண்டு வரும். செட்டு நான் பெற்ற மூத்த பிள்ளை இல்லையா.

சேதராப்பட்டில் உன் அம்மாவின் பெரியப்பாவுக்குக் கருமாதி வந்தது. நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். புறப்படும்போது நோட்டை என் கையில் கொடுத்து, பென்சிலைச் சீவிக் கொடுத்தாய்.

"அப்பா, கேட்டத கேட்ட மாதிரி எழுதுங்க. கேக்கலன்னா பூஜ்யம் போடுங்க. பூஜ்யமும் மார்க்குதான்."

"டேய், எங்கிட்டயேவா? நான் மார்க் போட்டா அந்த சைகோன்காரனே வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போவான்."

"அதாம்பா பயமா இருக்கு" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

அன்று பதினோரு மணிக்குப் பாட்டு வந்தது. மூன்று மார்க் தாராளமாகப் போடலாம். தையல்காரர் கண்ணை மூடிவிட்டார். பதினொன்று பன்னிரண்டு இருக்கும். பாடிக்கொண்டிருந்தவளை யாரோ காலைப் பிடித்துக் கிணற்றுக்குள் இழுத்தது போலக் குரல் இறங்கி இறங்கிப் போய் நின்றுவிட்டது. கரகரப்புகூட இல்லை. எப்போதும் இரைந்துகொண்டிருக்கிற ஆகாயம் வாயை மூடிக்கொண்டது. பச்சைக் கண் அகலமாக விழித்தபடி என்னையே பார்த்தது.

தையல்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன மாமா, சைகோன்ல ஈ செத்துப்போச்சா?"

"சும்மா இருய்யா. பாட்டு மாத்துறான்."

ஐந்து நிமிஷம் ஆயிற்று. தையல்காரர் விடவில்லை. "பாட்டுத் தட்டு எடுத்தார பாரீசுக்கே போயிட்டானாட்டம் இருக்கு."

செட்டு வாங்கிப் போக வந்திருந்த இரண்டு மில்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பின்பலகையைக் கழற்றினேன். வால்வுகளைத் தட்டினேன். ஒன்றை மாற்றினேன். கூரைமேல் ஏறி ஏரியல் கம்பியைப் பார்த்தேன். இறங்கி வந்து சிற்றலையில் பதினாறு மீட்டரிலிருந்து முப்பத்தொன்று வரைக்கும் முள்ளைத் திருப்பினேன், எல்லாம் மயானம். மத்திய அலைக்குத் திருப்பினால் மதராஸ்காரன் மட்டும் கணீரென்று, வானம் தெளிவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மதராஸ் பேசுகிறது என்றால் செட்டில் உயிர் இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று ஒரு கற்றுக்குட்டிக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. என் கைவேலை நாலு பேர் முன்னால் கவிழ்ந்துவிட்டது என்ற ஒன்றுதான் தோன்றியது. "நான் போயி பட்டன் தைக்கிறேன். ஈ எழுந்ததும் குரல் குடு மாமா" என்று தையல்காரர் எழுந்து போனார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அதுவாக முனகிக்கொண்டு பாட்டு வந்தது. அப்போது கடையில் யாரும் இல்லை.

உன் நோட்டை எடுத்தேன். ஐந்து கட்டம். பதினொன்றுக்கு மூன்று. நடுவில் மூன்று கட்டத்துக்கும் பூஜ்யம். பன்னிரண்டுக்கு இரண்டு. போட வேண்டியது அவ்வளவுதான். பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தேன். இந்த நோட்டு கல்லூரிக்குப் போகும், முசியே பார்ப்பார், பல தேசத்து மேதாவிகள் பார்ப்பார்கள், முதலியார்பேட்டையில் ஒரு செட்டு முக்கால் மணி நேரம் செத்துக் கிடந்தது என்று உலகமே அறியும் என்று நினைத்தேன். ஐந்து கட்டத்திலும் ஐந்து போட்டேன். அழுத்திப் போட்டேன். மறு பக்கம் தடம் விழுந்திருக்கும், பார்.

நீ திரும்பி வந்து நோட்டைப் பார்த்ததும் "அஞ்சா?" என்றாய். "நீ இல்லாத தைரியத்துல பாடுனா போல" என்றேன். நீ சிரித்தாய். அத்தோடு தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

கல்லூரி திறந்து ஒரு மாதம் கழித்து நீ கடைக்கு வந்து நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை, சுவரில் சாய்த்துவிட்டு வந்தாய். வேறு ஊர்களிலிருந்து வந்த நோட்டுகளையும் உன் நோட்டையும் முசியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு நாள், அந்த முக்கால் மணி நேரம், எல்லா நோட்டிலும் பூஜ்யம். உன் நோட்டில் மட்டும் ஐந்து. மூன்று மாதத்தில் வேறு எந்த நாளும் வராத ஐந்து.

"அப்பா, அன்னிக்கு நீங்க நெஜமா கேட்டீங்களா?"

அந்த இடத்தில் வாயைத் திறந்து இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தையல்காரர் ஸ்டூலில் இருந்தார். நாலு பேர் நின்றார்கள். "கேட்டேனாவா? கணீர்னு. பாடுனவ மூச்சு வாங்குறதுகூடக் கேட்டுதுடா" என்றேன். கையை நெஞ்சில் வைத்து அவள் மூச்சு வாங்கியதை நடித்தும் காட்டினேன். நீ தையல்காரர் பக்கம் திரும்பினாய். "அண்ணே, நீங்களும் இருந்தீங்கல்ல?" அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "மாமா சொன்னா சரியாத்தாம்பா இருக்கும். எனக்கு அன்னிக்குப் பட்டன் வேல" என்று நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். இருபது தடவையாவது சுருட்டியிருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. முசியேவே ஒரு நாள் தன் செட்டைக் கொண்டுவந்தபோது சொன்னார். அவர் உனக்கு ஒரு வழி விட்டிருக்கிறார். அன்றைக்கு நீ ஊரில் இல்லை, கை தவறியிருக்கும், அந்த நாளை மட்டும் அடித்துவிடு, மற்றதெல்லாம் நல்ல நோட்டு என்றிருக்கிறார். நீ மாட்டேன் என்றிருக்கிறாய். "எங்க அப்பா கேட்டாரு முசியே. அவர் கேட்டத நான் அடிக்கமாட்டேன்." அப்படியானால் முழு நோட்டையும் அனுப்ப முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். மலைமேல் போகிற இடம் வேறொருவனுக்குப் போயிற்று. "பிள்ளைய நல்லா வளத்திருக்கீங்க" என்றார் முசியே. அவர் செட்டின் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். தலையை நிமிர்த்தினால் முகம் தெரிந்துவிடும்.

நீ மூன்று வருஷம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பத்துக்குச் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாய். அந்த மூன்று வருஷமும் தினம் காலையில் உன் சைக்கிளுக்குக் காற்றடித்தவன் நான். சங்கிலிக்கு எண்ணெய் விட்டவன் நான். "இப்படியும் ஒரு அப்பனா" என்று எதிர்வீட்டு அம்மா வியந்தார்கள். நான் அதைத் திருத்தவில்லை. காற்றடித்தே கழுவிவிடலாம் என்று பார்த்தேன். டியூப்தான் இரண்டு தடவை வெடித்தது.

நீ விடவில்லை. பாடம் எடுத்துவிட்டு வந்து படித்தாய், மேலே படித்தாய், முசியே மனம் திரும்பி உனக்காக அந்தத் தேசத்துக்கு எழுதினார், இடம் கிடைத்தது. இந்த வருஷம் ஊர் பிரெஞ்சுக்காரனிடமிருந்து காகிதத்திலும் கைமாறிற்று. நம் தெருவில் பாதிப் பேர் எந்த தேசத்துப் பிரஜையாக இருப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது நீ ஆகாயத்தின் பிரஜையாகப் போகிறாய் என்று நான் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். புறப்படுகிற அன்று காலை இட்லி சாப்பிடும்போது நீ சொன்னாய்:

"அங்க போயி முதல்ல எத வாசிக்கப் போறேன் தெரியுமாப்பா? உங்க அஞ்ச."

தட்டில் இருந்த சட்னியை வைத்து நீ எனக்கு ஆகாயத்தைக் காட்டினாய். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள். மேலே, காற்று மெலிந்துபோன இடத்தில், சூரிய வெளிச்சம் அணுக்களை அடித்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போடுகிறது. அந்தக் கலவரக் கூட்டத்துக்குப் பிளாஸ்மா என்று பேர். ரேடியோ அலை அதற்குள் நுழைந்தால் எலக்ட்ரான்களை ஊஞ்சலாக ஆட்டுகிறது. உயரத்தில் ஆட்டினால் நஷ்டமில்லை, ஆடினது அப்படியே அலைக்குத் திரும்பி வரும். கீழ் அடுக்கில் காற்று கனம். ஆடுகிற எலக்ட்ரான் பக்கத்து அணுவில் போய் முட்டிக்கொள்கிறது. அலையின் பலம் சூடாகப் போய்விடுகிறது. அலை தேய்ந்து சாகிறது. நீள அலை மெதுவாக, பெரிய வீச்சாக ஆட்டும், அதனால் சீக்கிரம் சாகும். குட்டை அலை படபடவென்று சின்னதாக ஆட்டிவிட்டுத் தப்பிவிடும். இதற்கு நடுவில் பூமியின் காந்தம் வேறு எலக்ட்ரான்களின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துச் சுழற்றுகிறது. அதனால் ஒரே அலை உள்ளே போனதும் இரண்டாகப் பிரிகிறது. எலக்ட்ரான் சுழலுகிற பக்கமே தானும் சுழலுகிறது எதுவோ அது முதலில் தேய்கிறது, மற்றது கொஞ்சம் பிழைக்கிறது. அந்த நாள் சூரியனில் ஒரு வெடிப்பு. கீழ் அடுக்கு ஒரேயடியாகக் கெட்டியாகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் இருந்த ஊர்களுக்கெல்லாம் தூரத்து நிலையங்கள் செத்தன. தரையோடு தவழ்ந்து வருகிற மதராஸ் மட்டும் ஏன் பேசியது என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று. என் செட்டு சாகவில்லை. நான் மாற்றிப் போட்ட வால்வும் நல்ல வால்வுதான்.

"எல்லா ஊருலயும் பூஜ்யம். நம்ம ஊருல மட்டும் மூணு அஞ்சாயிருக்கு" என்றாய். உன் கண் அப்படி மின்னியது. "நமக்குக் கொஞ்சம் தெக்கால பூமியோட காந்தக் கோடு கிடக்குது. அங்க காம்பஸ் முள்ளு தல குனியாம மட்டமா படுக்கும். சைகோன்லேருந்து வர்ற அலை அந்தக் கோட்ட ஒட்டியே வருது. அந்தக் காந்தத்துல தேயாம நழுவி வர ஒரு வழி இருக்கணும். பதினோரு பக்கம் எழுதியிருக்கேன். முசியே நம்பல. நான் நம்புறேன். கேட்டது நீங்களாச்சே."

தண்ணீர் குடித்தேன். இன்னொரு டம்ளர் குடித்தேன். அதற்குள் குதிரை வண்டி வந்துவிட்டது.

ஸ்டேஷனில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ ரயில் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாய். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் கிடைக்கிற சாப்பாடு, கடலில் வரும் வாந்தி, பிரெஞ்சுக்காரன் ரொட்டியின் நீளம் என்று வாய் ஓயாமல் பேசினேன். ஒன்பது முழ நீளத்தில் ஒரு ரொட்டியை நான் பார்த்ததாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். விசில் ஊதினார்கள். வண்டி போய்விட்டது. உன் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"எத?"

"எதன்னு எங்கிட்ட கேக்காதீங்க. தையக்காரர் பொண்டாட்டி எங்கிட்ட சொல்லி நாலு வருசம் ஆச்சு. நீங்களா சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வண்டி போயிடுச்சே" என்றேன்.

"வண்டி போனா என்ன, தபால் போவுமில்ல" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்துபோனாள்.

நீ இன்னொன்றும் அன்று காலை சொன்னாய். பலமான ஒரு நிலையத்தின் அலை போகிற வழியில் அந்த எலக்ட்ரான் கூட்டத்தைச் சூடாக்கிவிட்டால், அதே வழியில் போகிற இன்னொரு நிலையத்தின் அலைமேல் முதல் நிலையத்தின் குரல் ஒட்டிக்கொள்ளும். கேட்கிறவனுக்கு யார் பேசுவது என்று தெரியாது என்றாய். எனக்கு அது பௌதிகமாகவே கேட்கவில்லை. என் சத்தம் பெரிசு. நீ போகிற வழியிலெல்லாம் நான் முன்னாலேயே கத்திச் சூடாக்கி வைத்திருக்கிறேன். உன் நோட்டில் பேசுவது என் குரல். நீ அடிக்கமாட்டேன் என்று நின்றதும் என் குரலுக்காகத்தான். நீ அன்றைக்கு இழந்த மலையையும், பாலத்துமேல் மிதித்த மூன்று வருஷத்தையும் நான் எதைக் கொண்டு திருப்பித் தர. பொய் சொல்லாதே என்று நான் உனக்குப் புத்தி சொன்னால் நம் வீட்டுப் பல்லிகூடச் சிரிக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். உன் காது கேட்டதற்கு மார்க் போடு. அப்பன் காது கேட்டது என்று யாராவது சொன்னால், பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் ஏன் தலை குனிந்தார்கள் என்று ஒரு தடவை பார்.

இனி, நான் வெறுங்கையோடு வரவில்லை. கடையில் ரிப்பேர் நோட்டு ஒன்று உண்டு, நீ பார்த்திருக்கிறாய். எந்த செட்டில் என்ன போயிற்று, என்ன செய்தேன் என்று அதில் எழுதி வைப்பேன். வாயால் ஆயிரம் அளப்பேன், அந்த நோட்டில் அளந்ததில்லை. அதில் பொய் எழுதினால் மறு வாரம் அதே செட்டு வரும்போது மாட்டிக்கொள்வது நான்தான். உன்னை ரயிலேற்றிவிட்டு வந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். பரணில் இருந்தன, கரையான் முக்கால் பாகம் சாப்பிட்டுவிட்டது. அந்தப் பக்கத்தைச் சாப்பிடவில்லை. அன்றைக்கு நம் செட்டு செத்தது என்று நினைத்து, ஒவ்வொன்றையும் மணி பார்த்து எழுதியிருக்கிறேன். உன் நோட்டில் பொய்யை எழுதின அதே பென்சில், அதே மேஜை. அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். குட்டை அலை முதலில் பிழைத்ததா, நீளம் கடைசியில் வந்ததா என்று நீ சொன்னதை வைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிற மாதிரிதான் எனக்குப் படுகிறது. நீ பார்த்துச் சொல். உன் பதினோரு பக்கத்தை வாசிக்காதே. இந்த ஒரு பக்கத்தை வாசி. உன் நோட்டில் ஐந்து கட்டத்திலும் என் ஐந்தை அடித்து, முதலில் மூன்று, கடைசியில் இரண்டு, நடு மூன்றுக்கும் உன் கையால் பூஜ்யம் போடு.

இந்தக் கடிதத்தைத் தையல்காரரிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அளவு நாடாவைக் கழற்றி வைத்தார். பிறகு பேனா கேட்டார். கிழித்த பக்கத்தின் அடியில் அவரும் எழுதினார். பத்திரிகைக்காரர்களுக்காக அந்தப் பக்கத்தை இங்கேயும் அப்படியே பார்த்து எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

'சொந்த செட். 11.12க்கு 25 மீட்டரில் சைகோன் போனது. இரைச்சலும் இல்லை. வால்வு மாற்றினேன், பலன் இல்லை. ஏரியல் சரி. 16, 19, 31 எதுவும் இல்லை. மதராஸ் பேசுகிறது. 11.38க்கு 16 வந்தது. 11.46க்கு 19. 11.55க்கு 25. 12.05க்கு 31. கோளாறு தெரியவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. தானாக வந்தது.'

அதன் கீழே, தையல்காரர் கையெழுத்தில்: 'நானும் இருந்தேன் தம்பி. ஒண்ணும் கேக்கல.'

அப்பா